சாரி கார்டு எங்கே?

என்னங்க, தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டேன்.

நேற்று பைக் சீட்டுக்கு அடியில் அண்டர்ட்ரே என்று புதிதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டினீர்கள், சரி. அதற்காக, சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற என் சாரி கார்டையும், நான் பிடித்துக்கொள்ளும் கம்பியையும் ஏன் கழற்ற வேண்டும்? கேட்டால், "அப்பதான்டி ஸ்டைலா இருக்கும்" என்கிறீர்கள். எதிர்வீட்டு ஜெனிபர் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அண்ணன் சுடிதார் போட்டவங்கள ஏத்திக்கினு போவப் போறாரா?" என்கிறாள். சிரித்து வைத்தேன். ஆனாலும் கும்மிடிப்பூண்டி வரைக்கும் பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு போவேன்.

ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். கம்பெனி வாசலுக்கு வந்துவிடுங்கள். சேலையில்தான் நிற்பேன்.

மோனிகா

பி.கு.: கழற்றியதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். நீங்கள் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவில்லை, அதனால்தான் சட்னி. சீட்டின் மேல் எடுத்து வைத்திருக்கிறேன், ஸ்பேனரோடு.