எதிர்க்கரையிலிருந்து ஒரு வாழ்த்து

மார்ச் 27, வியாழன்

மூடுபனி. காலையில் படகு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நிங்-நிங் மதியம் முழுக்கத் தூங்கவில்லை. எச்சில் வழிந்து வழிந்து கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து கிடக்கிறது. பல் வருகிறதா? காய்ச்சல் வருகிறதா? நான் தெர்மாமீட்டரை எடுக்கும்போதெல்லாம் மாமியார் சிரிக்கிறார். "அதை அவ கையிலயே குடுத்துடு. அவளே பாத்து உனக்குச் சொல்லுவா."

சாயங்காலம் பனி விலகிப் படகு வந்தது. அதில் அப்பா அனுப்பிய பொட்டலமும் வந்தது. பிள்ளைக்கு நாலு மாதம் நிறையும்போது தலை முதல் கால் வரை உடுப்பெல்லாம் தாய்வீடுதான் எடுக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் ஒரு மாதம் முன்பே கடை கடையாக ஏறி இறங்கியிருப்பாள். அப்பா தனியாகப் போயிருக்கிறார். தொப்பி சரி. சட்டை சரி. காலணி மூன்று வயதுப் பிள்ளைக்கானது.

கூப்பிட்டுச் சொன்னேன். ஒரே சிரிப்பு. "கடைக்காரி கேட்டா, குழந்தை எம்மாம் பெருசுன்னு. கையை விரிச்சுக் காட்டினேன். மீன் காட்டுற பழக்கம் பாரு, கொஞ்சம் கூடிப்போச்சு!"

கின்மென் தீவிலிருந்து அப்பாவின் கரைக்கு அரைமணி நேரப் படகு. இது தைவான், அது சீனா. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அவர் ஊர் விளக்குகள் தெரியும். அவர் சிப்பி எடுத்த சேற்றுநிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, விமான ஓடுதளம் போடுகிறார்கள். அதில் பயணிகள் மட்டும்தான் இறங்குவார்களா என்று என் கணவன் போ-ஷெங்கின் கூட்டாளிகள் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு அது அவருடைய சிப்பிப் பாறை இருந்த இடம். அவ்வளவுதான்.

மார்ச் 30

காய்ச்சல் இல்லை. பல்தான்.

ஏப்ரல் 2, புதன்

போ-ஷெங் பணி முடிந்து வந்தவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இன்றும் நாலு கப்பல் வந்ததாம்.

அவன் கடலோரக் காவலில் சேர்ந்தபோது அந்தப் பக்கத்துப் படகுகளும் சின்னவைதான். ஆட்களின் குரல்கூட இவர்களுக்குத் தெரியும். எல்லை தாண்டி வலை போட்டவனை விரட்டும்போது ஒலிபெருக்கியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். படகு கவிழ்ந்தால் சேர்ந்து தேடுவார்கள். அங்கே ஒருவன் இருமி இருமித் திட்டுவானாம். "மருந்து வாங்கிக் குடிடா!" என்று இவன் படகிலிருக்கும் குவோ இங்கிருந்து கத்துவான். இப்போது வருபவை வேறு. போர்க்கப்பலுக்கு வெள்ளையடித்தது மாதிரி உயரம். வரிசையாக எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வருகின்றன. சுற்றுகின்றன. போகின்றன. பேசுவதில்லை.

"நம்ம படகு அதுங்க பக்கத்துல நின்னா, மாட்டுக்குப் பக்கத்துல வாத்து நிக்கற மாதிரி" என்றான். "வாத்து கத்துது. மாடு திரும்பிக்கூடப் பாக்கல."

ஏப்ரல் 6, ஞாயிறு

நிங்-நிங்குக்கு எச்சில் துடைக்கும் நாள்!

வளைய பிஸ்கட்டுகளைச் சிவப்பு நூலில் கோத்து மாமியார் அவள் கழுத்தில் போட்டார். வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று உடைத்து, அவள் வாயில் ஒற்றியெடுத்து, நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். "எச்சில் நிக்கட்டும், அடுத்த வருஷம் தம்பி வரட்டும்" என்று மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பார்க்காதது மாதிரி இருந்தேன்.

போ-ஷெங்கின் ஆட்கள் பணி முடிந்து நேரே சீருடையோடு வந்துவிட்டார்கள். கேப்டன் வெங் ரொம்ப மெதுவாக, பிள்ளைக்கு வலித்துவிடுமோ என்பது மாதிரி பிஸ்கட்டை உடைத்து, "பயமில்லாம வளரு" என்றார். குவோ, "இப்பவே வாயை அடக்கு கண்ணு. உங்கப்பன் மாதிரி கடல்ல வாய் கிழியக் கத்தற பொழப்பு வேணாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நிங்-நிங் அவன் மார்பில் தைத்திருந்த பெயரைப் பிடித்து இழுத்தாள்.

அப்பாவுக்கென்று ஒன்றை நானே உடைத்தேன். எல்லாவற்றையும் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். அவர் எடுத்த சட்டையில் அவள் எவ்வளவு அழகு!

ஏப்ரல் 9

அப்பா படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார். அவர் பக்கத்தில் இதுவரை கடலும் நூடுல்ஸ் கிண்ணமும்தான் இருந்தன. "ஊரே பாத்துடுச்சு ஆ-ஷியூ! தெரியாதவங்கல்லாம் பேத்திக்கு வாழ்த்துச் சொல்றாங்க!"

சந்தோஷமாகத்தான் இருந்தது. குளிக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது. சீருடைகள். போ-ஷெங்கிடம் சொல்லவா? எடுக்கச் சொன்னால் அப்பா முகம் வாடிவிடும். யார் பார்க்கப்போகிறார்கள், ஒரு சிப்பிக்காரரின் பக்கத்தை?

ஏப்ரல் 15, செவ்வாய்

பார்த்துவிட்டார்கள்.

அங்கே யாரோ பெரிய பக்கம் நடத்துகிறவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பின்னால் வயலின். மேலே எழுத்து: "தீவின் காவலர்களும் நம் மகளின் பிள்ளையை வாழ்த்துகிறார்கள். குடும்பம் ஒன்றுதான்." ஒவ்வொருவர் மார்பிலும் இருக்கும் பெயரைப் பெரிதாக்கி, சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்கள். வெங். குவோ. ட்சாய் போ-ஷெங். என் பிள்ளையின் வாய்.

கேப்டன் வெங் போனில் கத்தவில்லை. "வேற யாருக்காவது அனுப்பினியாம்மா?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

போ-ஷெங் வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்ப் பால் புட்டிகளைக் கழுவ ஆரம்பித்தான். கழுவியதையே திரும்பக் கழுவினான்.

"என்னாச்சு?"

"இன்னைக்குப் பேசினாங்க."

"யாரு?"

"அந்தக் கப்பல்."

பக்கத்தில் வந்து நின்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ட்சாய் போ-ஷெங் அவர்களே, மகளுக்கு எங்கள் வாழ்த்துகள். உங்கள் மாமனார் நலமாக இருக்கிறார்.

"ரொம்ப மரியாதையான குரல்" என்றான். "இருமலே இல்ல. அடுத்தது குவோவைக் கூப்பிட்டு, அவன் பொண்டாட்டியை விசாரிச்சாங்க. படகுல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல."

மாமனார் நலமாக இருக்கிறார். அதை ஏன் சொன்னார்கள்? அப்பா நலமாக இருப்பது அவர்கள் கைக்கு எப்போது போனது?

ஏப்ரல் 24

போ-ஷெங்கின் அலுவலகத்தில் எனக்குக் கேள்விகள். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தேநீர் கொடுத்தாள். அப்பாவிடம் எப்போது பேசுவீர்கள், என்ன பேசுவீர்கள், கணவரின் பணி நேரத்தைக் கேட்பாரா? கேட்பார். "மாப்பிள்ளை சாப்பிட்டாரா, வந்துட்டாரா" என்று தினமும் கேட்பார். அவள் எழுதிக்கொண்டாள். எழுத்தில் பார்க்க அது வேறு மாதிரி இருந்தது.

"அப்பாவோட பேசக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. நீங்களே யோசிச்சுக்கோங்க" என்றாள் வாசலில்.

போ-ஷெங்கைப் படகிலிருந்து எடுத்துவிட்டார்கள். கரையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார வேண்டுமாம்.

ஏப்ரல் 25

மாமியார் இன்று வெடித்தார். "உங்கப்பாவுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாம்? என் பையன் பேரைக் கடல்ல ஏலம் போட்டுட்டாரே! அவன் அப்பாவுக்கப்பறம் நான் இவனை எப்படி வளத்தேன் தெரியுமா?"

"அவருக்கு என்ன தெரியும் அத்தை, பேத்தியைக் காட்டினாரு."

"பேத்தியைக் காட்ட ஊர் உலகம் எதுக்கு?"

இந்த வீட்டில் நான் முதல்முறையாக எதிர்த்துப் பேசியது இன்றுதான். அதையும் பாதியில் விட்டேன்.

மே 2, வெள்ளி

அப்பாவிடம் எதையும் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். இன்று அவரே கேட்டுவிட்டார். "ஏம்மா, படமே அனுப்பறதில்ல? மாப்பிள்ளைக்குக் காலணிக் கோபமா?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

மின்விசிறிச் சத்தத்தோடு அவர் போனைத் தட்டித் தட்டித் தேடுகிற சத்தமும் வந்தது. பிறகு, "அழிச்சுட்டேன்" என்றார். "இப்பத்தான். பாரு, அழிச்சுட்டேன்."

"அழிக்க முடியாதுப்பா. அவங்ககிட்ட இருக்கு."

"என்கிட்ட இல்லம்மா" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "என்கிட்ட இப்ப இல்ல."

பேத்தியின் அந்தப் படத்தை அவர் தன்னிடமும் வைத்துக்கொள்ளவில்லை.

மே 11

சந்தையில் குவோவின் மனைவி. அவள் போனுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து செய்தி வருகிறதாம். கணவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள், அலைகள் பெரியவை என்று. குவோ மாற்றல் கேட்டிருக்கிறான். "உன்னைக் குத்தம் சொல்லல" என்றாள். என் தள்ளுவண்டிக்குள் குனிந்து நிங்-நிங்கைப் பார்க்காமல் போனாள்.

ஜூன் 19, வியாழன்

எழுதிவிட வேண்டும், வார்த்தை மறந்துபோவதற்குள்.

அப்பா கூப்பிட்டார். வீட்டுக்கு ஆட்கள் வந்தார்களாம். பழக்கூடையோடு. நல்லவர்கள்தானாம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்களாம். கேமரா முன்னால் மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறார்கள். "மாப்பிள்ளை, அந்த வேலை வேணாம், இக்கரைக்கு வா, என் கையால சிப்பி அடை சாப்பிடு." அவ்வளவுதான்.

"வந்து சாப்பிடணும்னு எனக்கும் ஆசைதான்" என்றார். "நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனா அவங்க எழுதிக் கொண்டாந்து நீட்டினா, அது என் வார்த்தை இல்லையே ஆ-ஷியூ. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"திரும்ப வருவாங்களாப்பா?"

"வருவாங்க. தொண்டை எத்தனை நாளைக்குக் கட்டும்?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு சொன்னார். "நீ கூப்பிட்டா, பொண்ணு என்ன பேசினான்னு கேப்பாங்க. எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும், சீட்டாட்டத்துலகூட மாட்டிக்குவேன். எனக்கு ஒண்ணும் தெரியாட்டி பொய் சொல்லவே வேணாம் பாரு. மாப்பிள்ளை எங்க இருக்காரு? தெரியாது. பேத்தி நடக்குதா? தெரியாது. அதான் நல்லது. கூப்பிடாதேம்மா."

"எத்தனை நாளைக்கு?"

"இந்தக் கப்பலுங்கல்லாம் போகட்டும்."

அவை போகிறவையா? இன்னும் பெரிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கரையில் திரைமுன் உட்கார்ந்து போ-ஷெங் தினமும் பார்க்கிறான்.

நிங்-நிங்கிடம் போனைக் காட்டினேன். பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். எடுக்கப் போனேன். "நக்கட்டும் விடு" என்றார் அப்பா. திரை முழுக்க அவள் நாக்குதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20

கூப்பிடவில்லை.

ஜூலை 8

கூப்பிடவில்லை. பேர் மேல் விரலை வைத்து எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

அக்கரையில் போர்ப்பயிற்சி என்கிறார்கள். வானம் காலையிலிருந்து கிழிந்துகொண்டே இருக்கிறது. படகு நிறுத்தம். மாமியார் போய்ப் பால்மாவு டின்களைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். "பஞ்சம் வந்தா நாம கஞ்சி குடிச்சுக்கலாம், இவ குடிப்பாளா?" என் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் டின் அடுக்கும்போது என் பக்கம் நின்றுதான் அடுக்கினார்.

ஆள் போதவில்லை என்று போ-ஷெங்கைத் திரும்பப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

மாடிக்குப் போனேன். ஒரு பக்கம் கடலில் அவன். எதிரே அந்த விளக்குகளுக்குள் எங்கோ அப்பா. இங்கிருந்து ஒன்று பாய்ந்தால் அங்கே விழும், அங்கிருந்து பாய்ந்தால் இங்கே. மற்றவர்களுக்குப் பயப்பட ஒரு திசை இருக்கிறது. நான் எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுவது?

செப்டம்பர் 5

வந்துவிட்டான். தூங்குகிறான். பயிற்சி முடிந்ததாம். கப்பல்கள் முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில் நின்றுகொண்டுவிட்டன. இனி அதுதான் அவற்றின் இடம் என்கிறான்.

அக்டோபர் 26

நிங்-நிங் நாற்காலியை விட்டுவிட்டுத் தானாக நின்றாள். "அப்பா, பாருங்க—" என்று போனைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

டிசம்பர் 6

ஒரு வயது. பொட்டலம் வராது என்று தெரியும். ஆனாலும் படகுத்துறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

சந்திரப் புத்தாண்டு, இரண்டாம் நாள்

கல்யாணமான பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போகிற நாள். காலையிலிருந்தே தெருவில் பைகளோடும் பிள்ளைகளோடும் பெண்கள். நாத்தனார்கள் இருவரும் வந்துவிட்டார்கள். வீடு முழுக்கச் சத்தம்.

நான் விடிந்ததுமே அடுப்படிக்குள் போய்விட்டேன். மகள்கள் வருகிற வீட்டில் மருமகளுக்கு வேலை இருக்கும். வேலை இருந்தால் நல்லது. வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து கையிலிருந்து கத்தியை வாங்கினார்.

"போய் உக்காரு."

"இன்னும் மீன் இருக்கு அத்தை."

"மீனுக்கு எனக்குக் கை இருக்கு. இன்னைக்கு வீட்டுப் பொண்ணுங்க யாரும் சமைக்கக் கூடாது. போ, அவளுங்க பக்கத்துல உக்காரு."

நான் நகரவில்லை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நறுக்க ஆரம்பித்தார். "நின்னுட்டே இருக்கா பாரு. நாலு கிண்ணம் வைக்கற எடத்துல அஞ்சு வெச்சா குறைஞ்சா போயிடுவேன்?"

போய் நாத்தனார்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பெரியவள் தள்ளி இடம் விட்டாள். மாமியார் தன் மகள்களுக்கு வைத்தது போலவே எனக்கும் கிண்ணம் வழிய வைத்தார். சாப்பிட்டேன். அன்பாகத்தான் வைத்தார். ஆனால் எனக்குப் போக வேறு வீடு இல்லை என்று இந்த வீடு முடிவு செய்துவிட்டது.

மதியம் போ-ஷெங் என்னை மாடிக்குக் கூட்டிப்போனான். காற்று. அக்கரையில் பட்டாசுப் புகை. தன் போனை எடுத்து நீட்டினான்.

"ஒரே ஒரு தடவை. என் போன்ல கூப்பிடு. எனக்கு என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அப்பாவின் எண்ணை அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். அழுத்தினால் போதும்.

"வேணாம்" என்றேன்.

"மணி அடிக்கட்டும். இஷ்டப்பட்டா எடுக்கறாரு, இல்லாட்டி நாம கூப்பிட்டோம்னு தெரிஞ்சாவது சந்தோஷப்படுவாரு."

"எடுத்துட்டார்னா?"

அவன் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நிங்-நிங் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். அப்பாவுக்குத் தெரியாது.