இடுப்பில் இடம் விட்ட சட்டைகள்

நீர்வேலி,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகன் கஜானனும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனையை எடுத்தேன், இங்கே பிள்ளையார் புண்ணியத்தில் எங்களுக்கும் குறையில்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் பனி விழுகிற நேரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. போன கிழமைக் காற்றில் குலை தள்ளின வாழைகள் கொஞ்சம் முறிந்துபோயின, அடுத்த நாள் பார்த்தால் அப்பா மிச்சத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். நாள் தவறாமல் வட்ஸ்அப்பில் கதைக்கிற பிள்ளைக்கு இந்த மனிசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். சீவரத்தினம் மாஸ்டர் ஹியூஸ்ரனில் இருக்கும் மகனிடம் வருகிறார், நீ கேட்ட சட்டைகளை அவரிடம் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதுவும் வரும். மற்றது, இந்த விஷயத்தைப் போனில் கதைக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. நீ அங்கே உங்கள் கடையில் நின்றுகொண்டு கைத்துப்பாக்கி வாங்குகிற கதையை, துவக்கு துவக்கு என்று உரத்துச் சொல்கிறாய், நான் இங்கே எழும்பிப்போய் யன்னலைச் சாத்துகிறேன். சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் அந்தச் சொல் போனில் வந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் படும். நீ சொன்னாய், அம்மா இது அமெரிக்கா, இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம் என்று. ஓம் பிள்ளை, ஆனால் என் காது நீர்வேலியில் அல்லவா இருக்கிறது.

உங்கள் கடைக்குப் பக்கத்துப் பெற்றோல் கடையில் ஆட்கள் புகுந்து அங்கே நின்ற மனிசனின் தலையை உடைத்துவிட்டுப் போனார்கள் என்று சொன்ன நாள் தொடக்கம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ காலமை இருட்டில் தனியாகப் போய்க் கடை திறக்கிற நேரம் இங்கே நான் விளக்கு வைக்கிற நேரம். திரியைத் தூண்டும்போதெல்லாம் இப்போது என் பிள்ளை குனிந்து பூட்டைத் திறக்கிறாள், அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ என்றுதான் நினைப்பு. ஆனபடியால் துவக்கு வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. எட்ட இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வது சுகம். ஆனால் அதை வாங்கினபிறகு நீ எப்படிப்பட்ட பிள்ளையாக இருப்பாய் என்கிற பயமும் எனக்கு இருக்கிறது, அதை உனக்கு ஒளிக்கமாட்டேன்.

எந்த அளவு வாங்குவது என்று நீயும் கஜானனும் பிடித்த சண்டையை நான் மறக்கவில்லை. அவர் நாற்பத்தைந்துதான் வேணும், ஒருக்கால் பட்டால் காணும் என்கிறார். துவக்குக் கடைப் பெண் உன் கையைப் பார்த்துவிட்டு, சின்னது, ஒளித்து வைக்க லேசு என்று முன்னூற்றெண்பதை எடுத்துக் காட்டினாள். உன் மனம் நடுவில் இருக்கிற ஒன்பது மில்லிமீற்றரில் நிற்கிறது. பிறகு பகிடியாக, அம்மா நீங்களே சொல்லுங்கோ, நீங்கள் சத்தத்தை வைச்சே இன்ன துவக்கு எண்டு சொல்லுற ஆக்கள் என்றாய். உண்மைதான், அது என்ன துவக்கு, எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று அடுப்படியில் நின்றே சொல்லுவோம். ஆனால் பிள்ளை, நாங்கள் எப்போதும் துவக்கில் இருந்து சன்னம் பாய்ந்து வந்து விழுகிற பக்கத்தில் இருந்தவர்கள், எது வேண்டும் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. நீ கேட்டபடியால்தான் இருந்து யோசித்தேன். அந்த எண்கள் எல்லாம் சன்னத்தின் தடிப்பு என்று நீ விளங்கப்படுத்தினபோது எனக்கு என் தையல் ஊசி நம்பர்கள்தான் ஞாபகம் வந்தன. தடித்த ஊசி பெரிய ஓட்டை போடும், அதற்காக எல்லாத் துணியையும் அதிலே தைக்க வெளிக்கிட்டால் மெஷினும் இழுக்கும் கையும் நோகும். விரலுக்கேற்ற வீக்கம் என்று சும்மாவா சொன்னார்கள். நாற்பத்தைந்து பாரம், சுட்டுப் பழகுகிற இடத்தில் கொஞ்ச நேரத்திலேயே கை களைத்துவிட்டது என்று நீதான் சொன்னாய். சின்னதென்று பார்த்த முன்னூற்றெண்பதோ பாரமில்லாதபடியால் உள்ளங்கையில் உதைத்தது, ஒவ்வொரு வெடிக்கும் முதல் கண்ணை மூடிக்கொண்டேன் என்றாய். கண்ணை மூடப் பண்ணுகிற சாமான் நமக்கு வேண்டாம். ஒன்பதிலே இன்னொரு தரம் சுட்டுப் பார்க்க மனம் வந்தது என்று சொன்னாயே, பதில் அதிலேயே கிடக்கிறது. கஜானனுக்கும் சொல்லு, மாமி சொன்னவ, கை பிழைச்சால் நாற்பத்தைந்தும் சுவரிலைதான் படும் எண்டு.

இலக்குக்குச் சுட்டுப் பழக இருபத்திரண்டு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறேன் என்றது நல்ல யோசனை. சத்தமும் குறைவு உதையும் குறைவு என்றால் முதலில் கையும் கண்ணும் பழகட்டும். என்னிடம் தைக்கப் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் எடுத்த எடுப்பில் துணி கொடுப்பதில்லை, நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில்தான் ஓட்டவிடுவேன், ஊசி கோட்டிலே நடக்கிறதா என்று ஓட்டைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீ சுட்டுவிட்டு அனுப்பின இலக்குத் தாளின் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். நெருக்கமாக நல்லாய்த்தான் சுட்டிருக்கிறாய், அப்பாவும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டை விளாசியிருக்கிறாள் என்றார். ஆனால் அந்தத் தாளில் இருந்தது ஒரு மனிச உருவம், தோளும் நெஞ்சும் இடுப்பும் நான் வெட்டுகிற அளவுத் தாள் மாதிரியே இருந்தது, யாருக்கு அளவெடுத்ததோ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வட்டம் போட்ட தாளும் அங்கே இருக்குமென்றால் அதிலேயே பழகு அம்மா.

இனிச் சட்டைக் கதை. உள்ளே இருப்பது தெரியாமல் இடுப்பில் இடம் விட்டுத் தைக்க வேண்டும் என்றாய், நீளம் அகலம் பாரம் எல்லாம் அனுப்பினாய். அளவுக்கு ஒரு மாதிரி செய்து தாருங்கோ என்று அப்பாவிடம் கேட்டால் மனிசன் ஒற்றைக்காலில் நின்றார், துவக்கு மாதிரி ஒண்டை நான் இந்த வளவுக்குள்ளை செய்ய மாட்டன், உனக்கென்ன விசரோ என்று. கடைசியில் பூவரசங்கட்டை ஒன்றைப் பிடியும் இல்லாமல் வாயும் இல்லாமல் தட்டையாகச் சீவி, பாரத்துக்கு நடுவில் துளைத்து, மீன் வலையில் கட்டுகிற ஈயத்தை இறுக்கித் தந்தார். அதை இடுப்புப் பட்டியில் கட்டி, உன் புது மேற்சட்டையை நானே போட்டுக்கொண்டு, குனிந்தால் நிமிர்ந்தால் தெரிகிறதா என்று பார்க்க, கொடிகாமத்தில் உன் கௌரிச் சின்னம்மா வீட்டுக்கு வெளிக்கிட்டேன். அம்மா பஞ்சாபி போட்டாளா என்று சிரி, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, தையல் அவ்வளவு சுத்தம். கைதடி தாண்டின இடத்தில் மாடு குறுக்கே வந்து பஸ் மெதுவாக நின்றது. நான் எழும்பி, பையைத் தூக்கிக்கொண்டு, இறங்கிவிட்டேன். முந்தி அதிலேதான் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றி இருந்தது. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். இப்போது அதில் ஒரு தேத்தண்ணிக் கடை. வெறும் றோட்டில் நான் மட்டும் ஒரு கையில் அடையாள அட்டையோடு நிற்கிறேன், மற்றக் கை இடுப்பில் இருந்த கட்டையை அமத்திப் பிடித்திருக்கிறது. கொண்டக்டர்ப் பெடியன் எட்டிப் பார்த்து, அக்கா இதிலை ஒருத்தரும் இறங்கிறேல்லை, ஏறுங்கோ என்றான். ஏறி இருந்தபிறகும் யார் யாருடைய கை எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டு போனேன். சின்னம்மா தன் மகள் கீர்த்திகாவின் கலியாணக் கதை எல்லாம் சொன்னாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை, சட்டையை இழுத்து இழுத்து விட்டபடியே இருந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், ஒரு மரக்கட்டைக்கே எனக்கு அந்தப் பாடு. ஒன்பதோ நாற்பத்தைந்தோ, அந்தக் கனத்துக்கு நம்பர் இல்லைப் பிள்ளை.

அதனால் நான் செய்தது இதுதான். கடை திறக்கிற நாட்களுக்கென்று இடுப்பில் இடம் விட்டு மூன்று சட்டை தைத்திருக்கிறேன், பாரம் இழுக்காமல் உள்ளே இரட்டைத் துணி வைத்திருக்கிறது. சுடுகிறதுக்கு விரலால் இழுக்கிற அந்தக் குதிரையை மூடிப் பிடிக்கிற கெட்டியான உறை இல்லாமல் அதைக் கட்டாதே, குதிரையிலே துணி மாட்டினால் என் தையல்தான் உனக்கு எமன். கைப்பையில் போடவே போடாதே, குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எத்தனை இடத்தில் மறந்துவிட்டு வந்த பிள்ளை நீ. மிச்சச் சட்டைகள் எல்லாம் உன் உடம்போடு ஒட்டின நேர்வெட்டு, அதற்குள் ஒரு திருநீற்றுப் பையும் ஒளிக்க ஏலாது. கோயிலுக்கும் சிநேகிதர் வீட்டுக்கும் கஜானனோடு உலாத்தப் போவதற்கும் அவற்றைப் போடு. நேர்வெட்டுச் சட்டை கெதியாய்ப் பழசாக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வைகாசியில் கீர்த்திகாவின் கலியாணத்துக்கு வருகிறாய். வெளிக்கிட முதல் கைப்பையையும் பெட்டியையும் கவிழ்த்து உதறிப் பார், சுட்டுப் பழகின இடத்துச் சன்னக் கோது ஒன்று மூலையில் உருண்டு கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள், பொலிசுக்கு அலைய அப்பாவின் முழங்கால் தாங்காது. நேர்வெட்டுச் சட்டையிலேயே வா. நான் சனத்துக்குள் நின்று, பின்னால் வந்துதான் உன்னை இறுக்கிப் பிடிப்பேன், எனக்குப் பொறுமை இராது. அப்போது உன் கை முதலில் இடுப்புக்குப் போகக் கூடாது மகள், என்னிடம் வர வேண்டும்.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
அம்மா
தம்பிராசா குணலட்சுமி