பன்னிரண்டேகால் அங்குலம்

ஒமராமா, நியூசிலாந்து
10 மார்ச் 2024

பிரியமுள்ள அத்தைக்கு,

கல்பனாவின் வணக்கம். இங்கே நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? உங்கள் மகன் பவன் நம்மை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியும் போனில் பேசினால் நாம் இருவரும் அழுதுவிடுகிறோம். கடிதம்தான் நமக்கு நல்லது.

ஒரு சேதி. நான் துப்பாக்கி வாங்கப் போகிறேன். பதறாதீர்கள். நான் வேலை பார்க்கும் ஆட்டுப் பண்ணையில் காட்டு மான்களும் பன்றிகளும் மேய்ச்சலை நாசம் செய்கின்றன. இங்கே அவற்றைச் சுட அனுமதி உண்டு, கறியையும் வீணாக்குவதில்லை. மலைமேல் வேலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு ரைபிள் வைத்திருக்கிறார்கள். போலீஸ் விசாரணை முடிந்து எனக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது.

வாங்கப் போவது போல்ட் ரைபிள். நம் வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு கைப்பிடி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். வேகம் கிடையாது, ஆனால் தொலைவில் குறி தப்பாது என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். எந்தத் தோட்டா என்பதில்தான் குழப்பம். கடைக்காரர் த்ரீ நாட் எயிட் வாங்கச் சொல்கிறார். அது பலமாக அடிக்கும், தோளிலும் பலமாக உதைக்கும். சிக்ஸ் பாயின்ட் ஃபைவ் போதும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். அதில் உதை குறைவு, காற்றும் அதை அவ்வளவாக ஒதுக்காது. இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். பெரியதைச் சுடும்போது உதைக்குப் பயந்து கண்ணை மூடிவிட்டேன். சின்னதில், முந்நூறு மீட்டர் தள்ளி வைத்த அட்டையில் ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் கைதட்டிவிட்டார். சரியாக அடிக்க முடியாத தூரத்தில் சுட்டு, பிராணியைக் காயத்தோடு ஓடவிடுவதுதான் பாவம் அத்தை. அதனால் சின்னதற்கே மனம் போகிறது.

ஒரே தொல்லை, தோளில் வைக்கும் கட்டையெல்லாம் ஆறடி ஆம்பிளைகளுக்குச் செய்தது. அளந்து பார்த்தேன். கையை மடக்கினால், முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை எனக்குப் பன்னிரண்டேகால் அங்குலம்தான். கட்டையின் பின்பக்கத்தை ஒன்றரை அங்குலம் அறுத்து, ரப்பர் வைத்துத் தருவதாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார்.

வாங்கலாமா? நீங்கள் சரி என்றால்தான்.

உங்கள் மருமகள்,
கல்பனா


குடிபாலா
சித்தூர் மாவட்டம், ஆந்திரா
2 ஏப்ரல் 2024

என் கண்ணு கல்பனாவுக்கு,

நல்லா இருப்பாய். தைலம் தடவுகிறேன்டி, பாதி தீர்ந்துவிட்டது. இங்கேயும் பன்றித் தொல்லைதான். போன வாரம் அரைக் காணி வேர்க்கடலையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விட்டன. பக்கத்து நிலத்து அப்பாவு வந்து, "அக்கா, உன் மருமவ அங்க துப்பாக்கி புடிச்சிக்கினு கீறாளாமே, ஒரு நட இங்க வந்துட்டுப் போவச் சொல்லு" என்கிறான். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், என்ன செய்வது, பெருமை தாங்கவில்லை.

சின்னத் தோட்டாவையே வாங்கு. உதறுகிற மிஷினில் எவளுக்கும் தையல் நேராக வராது. கடைக்காரன் பேச்சைக் கேட்காதே, அவன் இருப்பதை விற்கப் பார்ப்பான்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். இருபது வருஷமாக இந்த ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் அளவெடுக்கிறவள் நான். கையை மடக்கி வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து விரல் வரை தன் கையைத் தானே டேப் பிடித்து அளக்க எவளாலும் முடியாது. இன்னொரு ஆள் வேண்டும். அதிலும் கால் அங்குலம் வரைக்கும் சுத்தமாக! பேரில்லாத ஒரு மனுஷன் உன் கடிதத்தில் நாலு தடவை வருகிறார். எண்ணிப் பார்த்தேன்.

யாரிடம்டி கதை விடுகிறாய்? அளவெடுத்தது யார்? பேர் எழுது.

அத்தை,
ரத்னம்மா


ஒமராமா
28 ஏப்ரல் 2024

அத்தை,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

அவர் பெயர் பிலிப். வயது முப்பத்தெட்டு. நம் சித்தூர்க்காரர்தான், மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவர். அம்மா கிருபாபாய் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். இந்த ஊரில் ஒருநாள் பின்னாலிருந்து "எம்மா, பாத்து, வழுக்கும்" என்று நம் பேச்சுக் கேட்டுத் திரும்பினேன். அப்படித்தான் பழக்கம்.

அளவெடுத்தது அவர்தான். கால் அங்குலம்கூடப் பிசகக் கூடாது என்று மூன்று தடவை அளந்தார். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். என் அத்தையைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் உங்களுக்குத் துப்பாக்கிக் கதையெல்லாம் எழுதினேன். நீங்கள் சரி என்றதும் ரைபிளை வாங்கினேன், கட்டையை அறுத்து, இழைத்துத் தந்துவிட்டார்.

அவர் கோயில் வேறு, நம் கோயில் வேறு, அது எனக்குப் பயமில்லை. என் பயம் வேறு. பவனைக் கட்டியதால் நான் உங்களுக்கு மருமகள். இன்னொருவரைக் கட்டினால் உங்களுக்கு நான் யார்? தாய் தகப்பன் இல்லாமல் ஆஸ்டலில் வளர்ந்தவளுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சொந்தம் நீங்கள். பவன் போன பிறகு, "அவள அனுப்பிடு" என்று உறவெல்லாம் சொன்னது. நீங்கள் உங்கள் தையல் மிஷினைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நான் படிக்க மேசை போட்டீர்கள். மழைச்சாரலில் உட்கார்ந்து தைத்தீர்கள். அந்த நன்றிக்கு என்னிடம் வார்த்தை இல்லை அத்தை.

வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள், இதோடு விட்டுவிடுகிறேன். சத்தியமாக உங்கள்மேல் வருத்தப்பட மாட்டேன். உங்களை இழந்துவிட்டு எனக்கு எதுவும் வேண்டாம்.

கல்பனா


குடிபாலா
26 மே 2024

கல்பனா,

பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. பவன் போட்டோவைப் பார்த்து, "உன் பொண்டாட்டி பண்ற வேலையப் பாருடா" என்று கத்தினேன். ரெண்டு நாள் மிஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் ஆத்திரமெல்லாம் போய்விட்டது. அங்கே போனதிலிருந்து மாசம் தப்பாமல் கடிதம் எழுதி என்னை உயிரோடு வைத்தவள் நீ. நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான்.

பஸ் ஏறிச் சித்தூர் போனேன். மிஷன் காம்பவுண்டில் விசாரித்து, ஜாக்கெட் தைக்கிறவள் என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். ஆளை எடை போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடலாம் என்று எண்ணம். கிருபாபாய் அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே, "நீங்க கல்பனாவோட அத்தைதானே? உங்க போட்டோவ எம்புள்ள அனுப்சிக்கிறான்" என்றார். மானம் போயிற்று! "எங்க நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு ஒரு மாசமா ஜெபம் பண்ணிக்கினு கீறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் நன்றாக அழுதோம். அப்புறம் மீன் குழம்பு ஊற்றினார். மூன்று தடவை சோறு வாங்கித் துன்னேன். காரம் கொஞ்சம் கம்மி.

துப்பாக்கிக்குத் தகுந்தாற்போல் நீ நீளவேண்டும் என்று அந்தப் பையன் சொல்லவில்லை. உனக்குத் தகுந்தாற்போல் அதை அறுத்தான். எனக்கு அது போதும். கட்டிக்கொள்.

நீ எனக்கு யார் என்று கேட்டாயே, பஸ்ஸில் வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மருமகள் கட்டிக்கொள்கிறவனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? அப்பாவுவைக் கேட்டேன், தலையைச் சொறிகிறான். நம் பாஷையிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லையாம். அதனால் நானே முடிவு பண்ணிவிட்டேன். அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடப் போகிறேன். அவன் என்னை அத்தை என்று கூப்பிடட்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆளை அத்தை என்று கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். அதனால் இனிமேல் நீ என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது.

என்ன கூப்பிட வேண்டும் என்பதை நான் சொல்லித் தர மாட்டேன். அடுத்த கடிதத்தை அப்படி ஆரம்பித்து எழுது. தபால்காரர் சிட்டிபாபுவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், "எம்பொண்ணு கிட்டேந்து கடுதாசி வரும், வந்தா உடனே குடுத்துடுப்பா" என்று.

ரத்னம்மா