சந்தனப் பொட்டுக்கு அடியில் இருந்த எண்

அப்பா,

இன்று காலை சங்கத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசனை வந்தது. கூடவே காய்ந்த சந்தனமும். நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை முடிந்திருக்கிறது. பூசியவர்கள் யாரும் துடைக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.

சென்ற வருடமும் இப்படித்தான். கொழிஞ்சாம்பாறை முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு, சுட முடியாதபடி குழாயை அடைத்து ராணுவம் காட்சிக்காகக் கொடுத்த பழைய பிரென் இயந்திரத் துப்பாக்கி இது. பட்டாளத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்தவர் என்று செயலாளர் மாமா உங்களிடம் கருத்துக் கேட்டார். பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "இது ஒப்பேத்துனதுங்க. அங்கொண்ணு இங்கொண்ணு புடுங்கிச் சேத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் பழகிய பிரென்னில் குறிபார்ப்பதற்குத் திருகும் உருளை ஒன்று உண்டு. கால்களை நீட்டிக் குறுக்கலாம். இதிலோ நிமிர்த்தி மடக்கும் ஒரு தகடு, நீளாத கால்கள், உடம்பெல்லாம் தேய்த்து மழுப்பாத கடைசல் கோடுகள். உங்கள் வார்த்தையை நம்பி ராணுவத்துக்கே திருப்பி அனுப்பக் கமிட்டி முடிவு செய்தது. போனால் உருக்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"போறது சுத்தமாப் போகட்டும்" என்று, ஏற்றிப்போக வண்டி வருவதற்கு முந்தைய நாள் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். நான் துணி கிழித்துக் கொடுத்தேன். வெடிமருந்தின் வாயு பிஸ்டனைத் தள்ளுவதற்கான சிறு துளைகளில் சந்தனம் இறுகிக் கிடந்தது.

"ஏனுங் மாப்ள, துப்பாக்கிக்கு மூக்கடைப்பு வர வெச்சுட்டீங்களே!" என்றீர்கள்.

"பொட்டு வெக்காமப் பூசையாங் மச்சான்?" என்றார் செயலாளர் மாமா.

பொட்டு வைக்க வாகாகப் பக்கவாட்டில் தட்டையாக ஓர் இடம். அங்கே இருந்த சந்தனத்தை எண்ணெயில் ஊறவிட்டுத் துடைத்தேன். அடியில் ஓர் எண். மாமா எதிரில் இருந்தார்; வெளியாட்கள் முன் நான் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் துடைத்து வைத்த, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை மெல்லத் திருப்பினேன். அதே எண். பிஸ்டனிலும் அதே.

"அப்பா, எல்லாம் ஒரே நம்பருங்க. புடுங்கிச் சேத்ததுன்னா வேற வேற நம்பரா இருக்குமுங்களே," என்றேன், உங்களுக்கு மட்டும் கேட்கும்படி.

"காட்டு, அம்மிணி."

உடனே ஒத்துக்கொள்ளவில்லை நீங்கள். "உருளைய மட்டும் எவனாச்சும் கழட்டியிருந்தா?" என்று அது உட்காரும் இடத்தைத் தடவினீர்கள். துளையுமில்லை, அடைத்த தடமுமில்லை. "அட, இதுக்கு எடமே வெட்டலியே!"

அங்கேயே கைபேசியில் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் நடுவே துப்பாக்கிகள் வேகமாக வேண்டியிருந்ததால், பிரென்னின் இரண்டாம் வடிவத்தில் உருளை, நீளும் கால்கள், தோளில் அணைக்கும் பின்கட்டைக்குக் கீழிருந்த கைப்பிடி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்களாம். வெளிப்புறக் கடைசலையும் குறைத்துக்கொண்டார்களாம். கேட்டதும் நீங்கள் உள்ளே விரலை விட்டீர்கள்.

"போல்ட் பூட்டுற எடம் மழமழன்னு கெடக்குது பாரு. அங்க ஒண்ணையும் கொறைக்கல."

பிறகு நிமிர்ந்து, "நாஞ் சொன்னது தப்புங் மாப்ள. இது ஒப்பேத்துனதில்ல, பொறந்ததே இப்படித்தான். வண்டிய வேண்டாம்னு சொல்லீருங்க" என்றீர்கள்.

"பட்டாளத்தான் வாயில தப்புங்கற வார்த்தையா! எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க மச்சான், கண்ணாடி போட்டு மாட்டலாம்."

மாமாவைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். தோற்ற முகமாகவே இல்லை அது. புதிதாக ஒன்று கையில் கிடைத்த முகம். பேருந்தில் வரும்போது திடீரென்று கேட்டீர்கள்: "இந்த உருளை வேண்டாம்னு மொதல்ல சொன்னவன் எத்தன பேருகிட்ட ஏச்சு வாங்கியிருப்பான், அம்மிணி?"

பொள்ளாச்சி பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன் இப்போது. இன்னமும் அதிகம் பேசுவதில்லை. வெளியே கரடுமுரடாக ஒரு பாகம் வந்தால், கழிக்கும் முன் உள்ளே விரலை விட்டுப் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த வடிவத்தில் எதை விட்டார்கள் என்பது எளிதில் கிடைக்கிறது. முதலில் வேண்டாம் என்று சொன்ன அந்த ஆள் மட்டும் எங்குமில்லை. கிடைத்தால் யாரிடம் ஓடிவந்து சொல்வேன் என்று நினைக்காமல், தேடுகிறேன் அப்பா.