மிஸ் டேனர்

14 ஜூன் 2003, சனி

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. கால் சென்டர் பயிற்சியில் இன்று எங்களுக்கு வெள்ளைக்காரப் பெயர் வைத்தார்கள். எனக்கு லிண்டா டேனர். ஸ்மித் என்றால் கொல்லர், டேனர் என்றால் தோல் பதனிடுபவர் என்று பயிற்சியாளர் விளக்க, எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். பக்கத்து சீட் சுதாவும்தான்.

சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள். "எம். மலர்ல அந்த எம் என்ன?"

"அப்பா பேரு, முனுசாமி."

"அதில்ல. மர்பி டவுன்தானே வீடு? நீங்க என்ன ஆளுங்க?" பெங்களூரில் எங்கள் பேட்டை பேரைச் சொன்னாலே சாதி விசாரணைதான்.

"எங்க தாத்தா ஆம்பூர்ல தோல் பதனிட்டவரு."

என் டப்பாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாடிக்கையாளரிடம் போனில் பேசுவதுபோல் ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகினோம். அதே சுதா வாய் நிறைய "மிஸ் டேனர், மிஸ் டேனர்" என்கிறாள். இங்கிலீஷில் சொன்னால் மட்டும் இவளுக்கு நாறாதா?