தோல் தைக்கும் இடம்

தெலக்னா ஊர்
மார்ச் 19, 1984

அன்புள்ள பெர்சி அண்ணாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. நீ வேலை பார்க்கும் எண்ணெய் வயல் பக்கம் குளிர் குறைந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

விசாரணை முடிந்தது. பாதி முடிந்தது என்று எழுதுவதே சரி.

நீ கிளம்பிப் போனபோது வழக்கு வெறும் பேச்சாக இருந்தது. 1959-இல் அலாஸ்கா மாநிலமானபோது நம் தெலக்னா ஆற்றில் படகு போக முடிந்திருந்தால், ஆற்றின் அடிநிலம் மாநிலத்துக்கு. முடியாதிருந்தால், இரு கரையும் நம்முடையது என்பதால், நம் ஊருக்கு. மாநிலம் ஜெயித்தால் தங்கம் தேடுகிறவர்கள் குழாய் போட்டு அடியிலுள்ள கூழாங்கல்லை உறிஞ்சுவார்கள். சால்மன் முட்டையிடுவது அந்தக் கல்லில்தான்.

அதனால் ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவு. வேட்டையிலிருந்து திரும்பிவரும் தோல்படகைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டால், வேட்டைக்கு நடந்து போனோம், நாய்களோடு போனோம். பொய்யும் இல்லை. போவது நடந்துதானே. வருவதை யாரும் கேட்கவில்லை என்றால் சரி.

பள்ளிக்கூட அறையில் விசாரணை. குழந்தைகளின் நாற்காலியில் அப்பா. முழங்கால் நெஞ்சுவரை வந்தது.

அரசு வழக்கறிஞர் ஹால்வர்சனுக்கு உன் வயதுதான் இருக்கும். நடந்தோம், நடந்தோம் என்று அப்பா சொல்லச் சொல்ல அவன் சிரித்தான். "அப்போ இது ஆறே இல்ல, வாய்க்கால்னு சொல்லுங்க. பசங்க விடுற காகிதக் கப்பல்கூட தரை தட்டிடும் போல."

அப்பாவின் காது சிவந்தது. இனி அடங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, பத்து மூஸ் மான் தோலைத் தச்சு, குளிர்காலம் பூரா வேட்டையாடுன கறி, நாய்ங்க, என் பொண்டாட்டி, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு நான் உன் வாய்க்கால்லதான் வீட்டுக்கு வந்தேன். பாதி வழியில அவளுக்கு வலி எடுத்துச்சு. எம் பையன் பெர்சி பொறந்ததே அந்தப் படகுலதான். அம்பத்தேழுல."

நம் வழக்கறிஞர் டெபோரா கண்ணை மூடிக்கொண்டார். ஹால்வர்சன் எழுதிக்கொண்டிருந்தான். எனக்கு வழக்கே மறந்துபோயிற்று. நீ போன இந்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக அப்பா உன் பெயரைச் சொன்னார். ஆற்றை இழந்துகொண்டே.

வெளியே பனியில் ஹோரஸ் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "வருஷக்கணக்கா ஊரே வாயைத் தச்சு வெச்சிருந்தோம். ஒரு பொடிப்பய கேலி பண்ணான்னு தையலைப் பிரிச்சுட்டியே மச்சான்." அன்று நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

மறுநாள் காலை அப்பா, அழைக்காமலேயே போய் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து ஒண்ணு கேக்க விட்டுட்டீங்க. எங்க ஏறுனோம்னு."

படகுக்குத் தோல் தைக்கும் இடத்தைச் சொன்னார். பள்ளத்தாக்கு முடிந்து இரண்டு ஓடைகள் சேருமிடம். எந்தக் குடும்பமும் அங்கேதான் தைத்தது. அதற்கு மேலே, பனி உருகும் காலத்திலும் தண்ணீர் பிரிந்து பிரிந்து கணுக்கால் அளவே ஓடும். படகு விட்டால் தோல் கிழியும். கறியும் ஈரத்தோலும் அதுவரை முதுகில்தான் வந்தன.

"தண்ணி எங்களைத் தூக்குற இடம் அது. அதுக்கு மேல எல்லாத்தையும் நாங்கதான் தூக்கணும்."

சால்மன் முட்டையிடும் கல் முழுக்க அதற்கு மேலேதான் இருக்கிறது, அண்ணா. டெபோரா எழுந்து நின்றுவிட்டார். ஆற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறதாம். பனி உடைந்ததும் நேரில் வந்து பார்ப்பதாக நீதிபதி சொல்லியிருக்கிறார். மேல் பகுதியில் நடப்பார். பிறகு முடிவு.

கீழ்ப் பகுதி போய்விடும். நம் துறையும் அதில்தான். ஆனாலும் இப்போது காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது.

நீதிபதியைக் கீழ்ப் பகுதியில் ஏற்றிவர அப்பா தோல்படகு கட்டப்போகிறார். நமக்கு எதிரான சாட்சியை நாமே கட்டுவதா என்று டெபோரா கேட்டார். "கீழ ஓடுதுன்னு நாம காட்டுனாத்தான், மேல ஓடாதுன்னு நாம சொல்றதை நம்புவாங்க" என்றார் அப்பா.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தோல் வருகிறது. ஹோரஸ் மாமாவே இரண்டு கொண்டுவந்து வாசலில் போட்டார். "மொதல்ல அந்த ஹால்வர்சனை ஏத்துங்க. முழுகுனா நஷ்டமில்ல." தைக்கும் நூலுக்காக அம்மா மான் நரம்பு திரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் தையல் சொல்லித்தரச் சொன்னேன். "உன் தையல்ல ஏறுனா நான் நீந்தித்தான் கரை சேரணும்" என்கிறாள்.

பின்னால் நின்று படகைத் திருப்ப அப்பாவின் தோள் இப்போது இடம் கொடுக்காது. யார் திருப்புவார்கள் என்று கேட்டேன். "ஆள் வரும்" என்றார்.

மே மாதம் உனக்கு விடுப்பு உண்டா என்று கேட்கும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. பின்துடுப்பை அப்பா நேற்று சீவி முடித்தார். நிறுத்திப் பார்த்தேன். அப்பாவின் தலைக்கு மேல் ஒரு சாண் போகிறது. இந்த வீட்டில் அந்த உயரம் ஒருவனுக்குத்தான் உண்டு.

குளிரில் கையுறையைக் கழற்றாதே. உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை,
லோரெட்டா