தேத்தண்ணிக்குப் பிறகு

6 பெப்ரவரி 2024, ஓல்டன், சுவிஸ்

திரிம்பாக் கோயில் மண்டபத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். இந்தக் கன்ரோன், அதாவது மாநிலப் பொலிசில் முதல் தமிழ்ப் பெண்ணாம். வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருடம், இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். சால்வை சீருடையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. சந்தோசமாய்த்தான் இருந்தது, பொய் ஏன்? பொலிசைக் கண்டால் ஒளிக்கிற எங்கள் சனம் எனக்காவது கதவு திறக்கட்டும். இதற்குத்தானே வந்தேன்.

19 மார்ச்

அறிக்கை எழுதினேன். வேறொன்றுமில்லை.

2 ஏப்ரல்

மலைவீதியில் மோட்டார்சைக்கிள் விபத்து. நிருசன், இருபத்துமூன்று வயது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. தாய் புனிதவதி திரிம்பாக்கில் இருக்கிறார். மொழி தெரியும், நீயே போய்ச் சொல் என்றார் மேலதிகாரி.

மரணச் செய்தி சொல்ல எங்களுக்குள்ள விதி எளிது. கதவடியிலேயே, ஒரே வசனத்தில். ஜெர்மன் மொழியில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

கதவைத் திறந்தவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சால்வையோடு நான் நிற்கிற படம் பிரிஜ்ஜில் ஒட்டியிருந்தது. "இருங்கோ பிள்ளை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்." மகன் வருகிற நேரம்தான், உங்களைக் கண்டால் சந்தோசப்படுவான் என்றார். என்னோடு வந்த பொலிஸ்காரன் மார்க்கூஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். குடித்தேன். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. வெறும் கோப்பையைப் பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டோ பிள்ளை குடிச்சனீங்கள்?"

3 ஏப்ரல்

ஏன் குடிச்சனான்? ஏன்?

10 ஏப்ரல்

நிருசனின் செத்தவீடு. நான் போகவில்லை. அம்மா போய் வந்தா. வழக்கமாய் உங்கட மகள் எப்படி என்று கேட்கிறவர்கள் இன்று ஒருவரும் கேட்கவில்லையாம். அம்மா அழுதா. எனக்கு ஒன்றும் வரவில்லை.

21 மே

இனிமேல் தமிழ் வீடுகளுக்கு மரணச் செய்தி கொண்டுபோவது நான்தானாம். மேலதிகாரி பாராட்டாகத்தான் சொன்னார். ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் — தெரியாது.

8 ஆகஸ்ட்

இன்னொரு வீடு. கதவடியிலேயே சொன்னேன். ஒரே வசனம். சரியாகச் செய்தாய் என்றான் மார்க்கூஸ். வந்து சோறு சாப்பிட்டேன்.

12 நவம்பர்

ஓல்டனில் ஓர் அடுக்குமாடியின் நிலவறையில் சைக்கிள்கள் களவு. வீடு வீடாக விசாரித்துக்கொண்டு போனேன். இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தவர் ஜெயகௌரி என்று ஒரு தமிழ் அம்மா. கையில் அகப்பை. என்னைக் கண்டதும் வாங்கோ என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை நிறுத்தினார். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆர்?"

ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை அன்ரி, சைக்கிள் களவு பற்றித்தான் வந்தனான் என்றேன். திரும்பவும் சொன்னேன். நம்பவில்லை. மகளுக்கு போன் எடுத்து, அவளின் குரலைக் கேட்ட பிறகுதான் கதிரையில் இருந்தார்.

நான் வாசலிலேயே நின்றேன்.